இட்லிப் பானையில் வேகாத பெட்டிகள்

உனக்கு மாப்பிள்ளைக் களை வந்துவிட்டது என்று பார்க்கிறவர்களெல்லாம் சொல்கிறார்கள். அது கொஞ்சம் இறங்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். போனில் சொன்னால் "அப்புறம் பேசறேம்மா" என்று வைத்துவிடுகிறாய். வாட்ஸப்பில் அனுப்பினால் பாதி படித்துவிட்டுக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் பொம்மையை அனுப்புவாய். அதனால் உங்கப்பா கையில் கொடுத்து, உறையூரில் டவுன் பஸ் ஏற்றி, ஸ்ரீரங்கத்தில் நீ வாடகைக்குப் பிடித்து வர்ணம் அடித்துக்கொண்டிருக்கும் புது வீட்டுக்கே அனுப்புகிறேன். ரிடயர் ஆகும்வரை ஊரையெல்லாம் ஏற்றி இறக்கிய கண்டக்டர், ஒரு கடுதாசியைக் கொண்டுவந்து சேர்க்க மாட்டாரா? நீ கடைசி வரி வரைக்கும் படித்து முடிக்கிறவரை எதிரிலேயே உட்காரச் சொல்லியிருக்கிறேன். காபி வாங்கிக் கொடுத்து அவரைக் கிளப்பிவிடப் பார்க்காதே. இன்னொன்று, இதை நீ கட்டிக்கொள்ளப்போகிற பெண்ணிடமிருந்து ஒளிக்கலாம் என்று நினைக்காதே. ஒரு ஜெராக்ஸ் எடுத்து யாழினிக்கும் அனுப்புகிறேன். அவள் அப்பா கேட்டால் அவருக்கும் கொடுப்பேன். இதில் யாரும் படிக்கக் கூடாதது எதுவும் இல்லை, உன் மானத்தைத் தவிர.

விஷயம் உன் பெட்டிதான். யாழினிக்கும் புரியட்டும், கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். வயல்காட்டு மோட்டாருக்கு வருகிற கரண்டு மூன்று பேஸாக, அதாவது மூன்று தனித்தனிக் கம்பியில் வரும். மூன்றும் வந்துவிட்டதா என்று காட்டச் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று விளக்கு உள்ள பெட்டியை மோட்டார் கொட்டகைச் சுவரில் மாட்டுவார்கள். வாழைக்குள் நிற்கிறவன் தலையைத் தூக்கிப் பார்த்து, மூன்றும் எரிந்தால் ஓடிப்போய் மோட்டாரைப் போடுவான். அந்தப் பெட்டியைத்தான் நம் வீட்டு முன் அறையில் வருஷக்கணக்காகச் செய்துகொண்டிருக்கிறேன். ஐ.டி.ஐ.யில் படித்ததை வைத்து உனக்குச் சோறு போட்டது அந்தப் பெட்டி. அதற்குள் பெரிய வித்தை ஒன்றுமில்லை. குட்டி விளக்குக்கு இருநூற்று முப்பது வோல்ட்டை அப்படியே கொடுத்தால் செத்துவிடும். நடுவில் ஒரு ரெசிஸ்டர் உட்கார்ந்து கரண்டைக் குறைக்க வேண்டும். குறைக்கிற வேலையில் அது சூடாகும். எவ்வளவு சூட்டை அது தாங்கும் என்பதைத்தான் வாட் என்று சொல்கிறோம். அதன் உடம்பில் இருக்கிற கலர்க் கோடுகள் கரண்டை எவ்வளவு தடுக்கும், அதாவது எத்தனை ஓம் என்று சொல்லுமே தவிர எத்தனை வாட் என்று சொல்லாது. அதை உருவத்தின் பருமனைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். உனக்கு எப்போதுமே ஒல்லியாக, அழகாக இருப்பதுதான் பிடிக்கும்.

ஒன்பதாம் வகுப்பில் பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு நீ செய்த சர்க்யூட் ஞாபகம் இருக்கிறதா? பன்னிரண்டு வோல்ட் பேட்டரி, நூறு ஓம் ரெசிஸ்டர். பன்னிரண்டைப் பன்னிரண்டால் பெருக்கி நூறால் வகுத்தால் ஒன்றரை வாட்டுக்குக் கொஞ்சம் குறைவு. நீ போட்டது அரிசி பருமன் கால் வாட். "பெருசு போடுடா, இது கருகிடும்" என்றேன். "அது அசிங்கமா இருக்கும்மா, இதுதான் நல்லாருக்கு" என்றாய். சரி, பட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்று விட்டேன். பரிசு கொடுக்க வந்த பெரிய மனுஷர் குனிந்து பார்க்கும்போது அதிலிருந்து புகை கிளம்பியது. அந்த மூக்கைத் துளைக்கிற வாசனை ஹால் முழுக்கப் பரவி, பக்கத்து மேஜையில் எரிமலை செய்து வைத்திருந்த பெண்ணைப் பார்த்துத்தான் எல்லோரும் "அட, நெஜமாவே புகையுதே" என்று கைதட்டினார்கள். நான் வயிறு குலுங்கச் சிரித்தேன். நீ வீட்டுக்கு வந்து என்ன சொன்னாய்? "பேட்டரி சரியில்லம்மா." கையில் கருகிப்போன ரெசிஸ்டரை வைத்துக்கொண்டு பேட்டரி சரியில்லை என்று சாதித்தாய். அப்போது உனக்கு மீசை முளைக்கவில்லை. இப்போது மீசை இருக்கிறது, பட்டம் இருக்கிறது, கன்டோன்மென்ட்டில் ஏ.சி. போட்ட அறையில் சுழல் நாற்காலி இருக்கிறது. வாய் மட்டும் மாறவே இல்லை.

பெட்டியை எங்கே மாட்டுகிறார்கள் என்று பார்க்காமல் கணக்குப் போடக் கூடாது என்று உனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! தகரக் கூரை, ஜன்னல் கிடையாது. குளவி கூடு கட்டுகிறது என்று பெட்டியின் ஓட்டையையெல்லாம் துணி வைத்து அடைத்துவிடுவார்கள். சித்திரை மாதம் அந்தக் கொட்டகைக்குள் நின்றால் நமக்கே மூச்சு முட்டும். போதாததற்கு வோல்டேஜ். சுற்றிலும் எல்லா மோட்டாரும் ஓடும்போது இறங்கிக் கிடக்கும், எல்லாவற்றையும் நிறுத்தியதும் இருநூற்று எழுபதுக்கு எகிறும். அதனால்தான் நான் எந்தப் பெட்டியையும் சும்மா மேஜையில் வைத்துப் பார்த்து அனுப்பியதில்லை. பக்கவாட்டில் ஓட்டை போட்ட நம் பழைய இட்லிப் பானையைத் தட்டுகளை எடுத்துவிட்டு, தண்ணீர் இல்லாமல் அடுப்பில் காயவைத்து இறக்குவேன். ஓட்டை வழியாக ஒயரை விட்டு, உள்ளே பெட்டியை வைத்து மூடி, வோல்டேஜை ஏற்றி இறக்குகிற டிரான்ஸ்பார்மரில் இருநூற்று எழுபதுக்குத் திருகிவிட்டுச் சமையலைப் பார்க்கப் போவேன். சோறு, குழம்பு, பொரியல் எல்லாம் முடிந்து வந்து கரண்டை நிறுத்தி, மூடியைத் திறந்து, விரலை நாக்கில் தொட்டு ரெசிஸ்டர் மேல் வைப்பேன். சுர்ரென்றால் அந்தப் பெட்டி வீட்டை விட்டுப் போகாது. அவ்வளவுதான் என் பரிசோதனைச் சாலை. அதிலிருந்து போன பெட்டி ஒன்றுகூட எரிந்ததாக யாரும் என் வாசலுக்கு வந்ததில்லை.

யாழினி வீட்டிலிருந்து நம்மைப் பார்க்க வந்த அன்றைக்கும் அந்தப் பானை முன் அறை ஸ்டூலில் ஒயரோடு உட்கார்ந்திருந்தது. அவள் அப்பா வாய் சும்மா இருக்குமா? "என்னங்க சம்பந்தியம்மா, உங்க வீட்ல இட்லி கரண்ட்லதான் வேகுமா? ஷாக் அடிக்காதுங்களா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை, பார்க்கிறவர்களுக்கு அது பைத்தியக்காரத்தனம்தான். உன் முகம்தான் செத்துப்போனது. "அது சும்மா, அம்மாவோட பழைய பழக்கம் அங்கிள். இப்பல்லாம் எல்லாமே சாப்ட்வேர்ல சிமுலேஷன் பண்ணிடுவோம்" என்றாய். அவர்கள் கார் தெருமுனை திரும்புவதற்குள் பானையைத் தூக்கிப் பரண் மேல் போட்டாய். போட்ட வேகத்தில் அடி நசுங்கியது. "இனிமே இந்த அசிங்கம் வேணாம்மா, நான் பாத்துக்கறேன்" என்று சொன்னாய். பொண்ணு வீட்டார் முன்னால் மானம் போய்விட்டதாம். இந்தப் பெட்டிக்கு வந்த வினைக்கெல்லாம் ஆரம்பம் அந்த ஒரு சிரிப்புதான். உன் சாப்ட்வேருக்குச் சித்திரை வெயில் தெரியுமா என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

அதற்குப் பிறகுதான் உன் புதுப் பெட்டி வந்தது. உள்ளங்கையில் அடங்குகிற வெள்ளைப் பிளாஸ்டிக், மேலே உன் பெயரின் முதல் எழுத்து. நான் போடுகிற அஞ்சு வாட் பீங்கான் ரெசிஸ்டர் அதற்குள் நுழையாது. அதனால் இரண்டு வாட் போட்டாய். "ஏன்டா?" என்று கேட்டதற்கு எனக்கே பாடம் எடுத்தாய். "இருநூத்தி முப்பது ஸ்கொயர், டிவைடட் பை முப்பத்து மூவாயிரம். ஒண்ணு பாயிண்ட் ஆறு வாட்தான் வருதும்மா. ரெண்டு வாட் போட்டிருக்கேன். இதுக்கு மேல என்ன வேணும்?" என்றாய். கணக்கு சரிதான் ராஜா. அதே கணக்கை இருநூற்று எழுபதுக்குப் போட்டுப் பார்த்தாயா? இரண்டு புள்ளி இரண்டு வருகிறது. இரண்டு வாட் என்று கடைக்காரன் கொடுப்பது திறந்த காற்றில் இருக்கும்போதுதான் இரண்டு வாட். பெட்டிக்குள் காற்று கொதித்தால் அதன் தெம்பு பாதிக்கு இறங்கிவிடும். அப்படிப்பட்டவை மூன்றை நெருக்கிப் படுக்கவைத்து, போர்டோடு ஒட்டவைத்து, பிளாஸ்டிக் மூடியும் போட்டு மூடியிருக்கிறாய். இதையெல்லாம் சொன்னபோது நீ போனில் கல்யாணப் பத்திரிகை டிசைன் பார்த்துக்கொண்டே "ம், ம்" என்றாய். மேஜையில், தலைக்கு மேலே ஏ.சி. ஓட, மூடியைத் திறந்து வைத்து விளக்கு எரிகிறதா என்று பார்த்தாய். எரிந்தது. ஜீயபுரத்திலும் லால்குடியிலும் கொண்டுபோய் மாட்டிவிட்டு வந்தாய். முதல் பெட்டி யாருக்குப் போனது என்று உனக்குத் தெரியும். உன் தாய்மாமனுக்கு. "என் மருமவன் செஞ்சது, எனக்குத்தான் மொதல்ல" என்று சண்டை போட்டு வாங்கினான் என் தம்பி.

போன வாரம் பத்திரிகை வைக்க ஜீயபுரம் போனேன். தம்பி கொட்டகைப் பக்கம் இருப்பதாகச் சொன்னார்கள். போனால், வலது கையில் மணிக்கட்டு வரைக்கும் கட்டு. "என்னடா இது?" என்றேன். "டிராக்டர் ரேடியேட்டர் மூடியத் தொறந்தேன்க்கா, ஆவி அடிச்சிருச்சு" என்றான். அவனுக்குப் பொய் சொல்ல வராது, சின்ன வயதிலிருந்தே கண் கீழே போய்விடும். கண் கீழே போன இடத்தில் சுவரோரம் கரி. பெட்டி மாட்டியிருந்த இடத்தில் சதுரமாகக் கறுத்துக் கிடந்தது, அதற்கு மேல் கூரை வரைக்கும் புகைக் கோடு. உர மூட்டைக்குப் பின்னால் ஒரு சாக்கில் சுற்றி வைத்திருந்தான் உன் பெட்டியை. எடுத்துப் பார்த்தேன். மூன்று ரெசிஸ்டரில் இரண்டு இருந்த இடமே தெரியவில்லை. போர்டு கருகி ஓட்டை விழுந்து, மூடி வழிந்து உறைந்து கிடந்தது. உன் பெயரின் முதல் எழுத்து மட்டும் நன்றாகத்தான் இருந்தது. கீழே காய்ந்த வாழைச் சருகு அடுக்கியிருந்தான். உருகிய பிளாஸ்டிக் நெருப்போடு சொட்ட ஆரம்பித்ததும், சருகு பிடித்துக்கொண்டால் கொட்டகையே போய்விடும் என்று மெயினை அணைத்துவிட்டு வெறுங்கையால் பிடுங்கியிருக்கிறான். கொதிக்கிற பிளாஸ்டிக் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது. உதறினால் போகுமா? ஆஸ்பத்திரியில் அதைத் தோலோடுதான் எடுத்தார்களாம். மூன்று விரல் மடங்கவில்லை. மடங்குமா என்று கேட்டதற்கு, "பாக்கலாம், பயிற்சி குடுங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். வாழைத்தார் வெட்டுகிறவன், அரிவாள் பிடிக்கிற கை. அந்தக் கையைப் பார்த்துவிட்டு நான் அங்கேயே வாய்க்கால் ஓரத்தில் உட்கார்ந்து அழுதேன். அவன் என்னைச் சமாதானம் செய்கிறான்! "அக்கா, புள்ளைக்குக் கல்யாண நேரம். இது தெரிஞ்சா மனசு உடைஞ்சு போயிரும். கல்யாணம் முடியற வரைக்கும் சொல்ல மாட்டேன்னு ரங்கநாதர் மேல சத்தியம் பண்ணு" என்றான். பண்ணினேன். இப்போது மீறுகிறேன். பெருமாளிடம் நான் பேசிக்கொள்கிறேன், அவர் உன்னை மாதிரி இல்லை, சொன்னால் கேட்பார்.

சத்தியத்துக்குக் கட்டுப்பட்டுத்தான் அன்றைக்குச் சாயங்காலம் உனக்குப் போன் போட்டபோது கையைப் பற்றிப் பேசவில்லை. "மாமா கொட்டகையில உன் பெட்டி உருகிடுச்சுடா, மத்ததையெல்லாம் உடனே போய்க் கழட்டு" என்று மட்டும் சொன்னேன். நீ சொன்ன பதிலை எழுதுகிறேன், யாழினியும் படிக்கட்டும். "ஒண்ணுதானேம்மா. மாமா வீட்டு வயரிங்ல ஏதாவது லூசா இருந்திருக்கும். மத்தது எல்லாம் நல்லாத்தானே ஓடுது? ஒண்ணும் ஆகாது. கல்யாணம் முடியட்டும், பாக்கலாம்." பேட்டரி சரியில்லை, இல்லையா? அதோடு விட்டாயா? "மாமாவுக்கு என்னமோ கை சுட்டுக்கிச்சாமே, ரேடியேட்டர் சூடா இருக்கறப்ப யாராவது மூடியத் தொறப்பாங்களா? நானே போன்ல நல்லாத் திட்டுனேன். சூடுன்னா என்னன்னு ஒரு அறிவு வேணாம்?" என்று சொல்லிச் சிரித்தாய். நீ சிரித்தது என் காதில் இன்னும் கேட்கிறது. சூட்டைப் பற்றி நீ அவனுக்குப் பாடம் எடுத்தாய். அவன் என்ன பதில் சொன்னான் தெரியுமா? நான் கேட்டேன். "ஆமாப்பா, எனக்கு அறிவு பத்தலப்பான்னு சொல்லிட்டேன்க்கா" என்றான். உன்னைப் பெற்றேனே என்று இருக்கிறது. இப்படி எழுதுவதற்கு நான் வருத்தப்படவில்லை, நீ படிக்கும்போது உனக்கு எப்படி இருக்குமோ அப்படித்தான் இருக்க வேண்டும்.

நீயே போய்க் கழற்றியிருக்கலாமே என்று கேட்பாய். மறுநாளே உட்கார்ந்து ஒவ்வொருவராகப் போன் போட்டேன். "பெட்டிக்குப் போற ஒயரைப் புடுங்கி விடுங்க, நான் வந்து மாத்தித் தரேன்" என்று கெஞ்சினேன். ஜீயபுரத்தில் ஒரு சிலர் கேட்டார்கள். மற்றவர்கள் சொன்னது ஒரே பதில்தான். லால்குடிக்காரர் ஒருவர் அழகாகச் சொன்னார். "நீங்க ஏம்மா பயப்படுறீங்க? உங்க புள்ளைகிட்டயே கேட்டுட்டோம். ஒண்ணும் ஆகாதுன்னுட்டாப்ல. இஞ்சினியரு அவுரா நீங்களா?" நான் நேரில் போனபோது மோர் கொடுத்து உட்காரவைத்தார்கள், பெட்டியைத் தொட விடவில்லை. அவர்களைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? ஒல்லியாக, வெள்ளையாக, எழுத்துப் போட்டு இருக்கிறது, படித்த பிள்ளை கொடுத்தது. என் தகரப் பெட்டியையும் இட்லிப் பானையையும் ஊரே சிரிக்கிற மாதிரி நீதான் ஆக்கி வைத்திருக்கிறாய். உன் வாய் மாட்டிவிட்டுப் போனதை உன் வாய்தான் வந்து கழற்ற வேண்டும். "நான் போட்டது தப்பு, வாட் பத்தாது" என்று ஒவ்வொரு கொட்டகை வாசலிலும் நின்று சொல்ல வேண்டும். கணக்குச் சொல்லிக் குழப்பாதே. தப்பு என்ற வார்த்தையை மட்டும் சொல், அது எல்லோருக்கும் புரியும்.

உங்கப்பா, "விடுடி, புள்ளை மனசு கஷ்டப்படும், தாலி கட்டட்டும், அப்புறம் போகட்டும்" என்று இரண்டு நாள் என் பின்னாலேயே சுற்றினார். அவரிடம் ஒன்றுதான் கேட்டேன். மணமேடைக்கு உன்னை அழைத்துக்கொண்டு வர உன் தாய்மாமன்தான் உனக்குத் தலைப்பாகை கட்ட வேண்டும். ஸ்ரீரங்கத்து மண்டபத்தில் அத்தனை பேர் முன்னால் அவன் அந்தக் கையை வைத்துக்கொண்டு எப்படிக் கட்டுவான்? துணியை இழுத்துப் பிடிக்க விரல் மடங்க வேண்டுமே. யாரோ ஒரு சமையல்காரரோ போட்டோக்காரரோ வந்து முடிச்சுப் போடுவார். உன் தலையில் அது இருக்க, கீழே அவன் கட்டுப்போட்ட கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டு நிற்பான். யாராவது கேட்டால் ரேடியேட்டர் என்பான். நீயும் மேடையிலிருந்து "ஆமாங்க, மாமாவுக்கு அவசரம்" என்று ஜோக் அடிப்பாய்.

நீ என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறேன், கேட்டுக்கொள். உன் வெள்ளைப் பெட்டிகளுக்குப் பதில் மாட்டுவதற்கு என் தகரப் பெட்டிகளைத் தயாராக அடுக்கி வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் அஞ்சு வாட் பீங்கான். இருநூற்று முப்பதுக்கு வந்த கணக்குக்கு இரண்டு மடங்கு என்பது எனக்குக் குறைந்தபட்சம், மூடின பெட்டி என்றால் மூன்று மடங்கு. போர்டோடு ஒட்டாமல் காலைத் தூக்கி வைத்திருக்கிறேன், அடியில் காற்றுப் போகும். ஓம் அதே முப்பத்து மூவாயிரம்தான். அதைக் கூட்டினால் சூடு குறையும், ஆனால் வெளிச்சமும் குறைந்து வாழைத் தோட்டத்துக் கோடியில் நிற்கிறவன் கண்ணுக்குத் தெரியாது. பரணிலிருந்து பானையை இறக்கி, நசுங்கினதை நிமிர்த்தி, எல்லாவற்றையும் வேகவைத்துவிட்டேன். உன் மாமனார் வந்தால் பார்த்துவிட்டுப் போகட்டும். யாழினிக்குச் சீராக என்ன கொடுப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன், இந்தப் பானையைத்தான் கொடுக்கப்போகிறேன். வெட்கப்பட்டால் அவளும் பரணில் போடட்டும், இல்லாவிட்டால் உன்னைத் தட்டிக்கேட்க ஒரு ஆள் கிடைத்த மாதிரி. பந்தக்கால் நடுவதற்குள் கடைசிப் பெட்டி கழன்றிருக்க வேண்டும். இல்லையென்றால் நான் மண்டபத்துக்கு வர மாட்டேன். அம்மா எங்கே என்று கேட்கிறவர்களுக்கு நீயே ஒரு காரணம் சொல்லிக்கொள். சொல்ல உனக்கா தெரியாது?

வராமல் இருப்பேன் என்று மிரட்டினால் நீ மசிய மாட்டாய், எனக்குத் தெரியும். "அம்மா அப்படித்தான், கடைசி நேரத்துல வந்துருவா" என்று அவளிடம் சொல்வாய். அதனால் இன்னொன்றும் செய்திருக்கிறேன். உன் அறையில் மிச்சம் இருந்த வெள்ளைப் பெட்டிகளில் ஒன்றை எடுத்து வந்தேன். முதலில் அதை உன் புது வீட்டில், நீங்கள் இரண்டு பேரும் படுக்கப்போகிற அறையில் மாட்டலாம் என்றுதான் நினைத்தேன். ஊரான் வீட்டுச் சுவரில் ஒன்றும் ஆகாது என்கிறவன் தன் தலைமாட்டிலும் சொல்லட்டுமே என்று கோபம். ஸ்க்ரூகூட வாங்கிவிட்டேன். அந்தப் பெண் என்ன பாவம் செய்தாள் என்று விட்டுவிட்டேன். இப்போது அது என் கட்டிலுக்கு மேலே, என் தலைக்கு நேராக இருக்கிறது. ஓட்டைகளைத் துணி வைத்து அடைத்துவிட்டேன், கொட்டகையில் அப்படித்தானே அடைப்பார்கள். டிரான்ஸ்பார்மரை இருநூற்று எழுபதில் திருகி வைத்திருக்கிறேன். மூன்று விளக்கும் அழகாக எரிகிறது. ஒண்ணும் ஆகாது என்று என் பிள்ளை சொன்னதன் கீழேதான் படுக்கிறேன். உங்கப்பா முதலில் கத்தினார், அணைக்கப் போனார், கையைத் தட்டிவிட்டேன். கொஞ்ச நேரம் வாசலில் போய் நின்றுவிட்டு வந்தார். பிறகு தன் தலையணையையும் தூக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டார். மூடியின் வெள்ளை இப்போது பழுப்பாகியிருக்கிறது. வாசனை வர ஆரம்பித்துவிட்டது. அந்த வாசனையை உனக்கு ஒன்பதாம் வகுப்பிலிருந்தே தெரியும்.

இது எவ்வளவு நாள் தாங்கும் என்று எனக்குத் தெரியாது. நீதான் இஞ்சினியர், கணக்குப் போட்டுப் பார். லால்குடியில் ஆரம்பி, ஜீயபுரத்தில் முடி. எல்லாம் கழன்ற பிறகு கடைசிப் பெட்டியைக் கழற்ற என் தலைமாட்டுக்கு வா. அதற்கு முன்னால் வந்து கதவைத் தட்டி அழுதாயானால் திறக்க மாட்டேன், அப்பாவையும் திறக்க விட மாட்டேன். வரும்போது தனியாக வராதே. மாமாவைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வா. இடது கையைப் பிடி.